ஸிம்பாப்வே: உணவுக் களஞ்சியம் காலியானது எப்படி?

2019 செப்டம்பர் 6ஆம் தேதி, சிங்கப்பூர் கிளெனீகல்ஸ் மருத்துவமனையில் 95 வயது முதியவர் ஒருவர் காலமானார். பெயர் ராபர்ட் முகாபே. 37 ஆண்டுகள் ஸிம்பாப்வே நாட்டை ஆண்டவர். 2017 நவம்பரில் சொந்த ராணுவத்தாலேயே பதவி இறக்கப்பட்டவர். மருந்தும் கருவியும் இல்லாத மருத்துவமனைகளை நாட்டு மக்களுக்கு விட்டுவிட்டு, தமது சிகிச்சைக்கு மட்டும் கடல் கடந்து வந்தார் என்று அவரைக் குறைகூறியவர்கள் அப்போது நிறைய பேர்.

அதே முகாபே 1980 ஏப்ரல் 18ஆம் தேதி, நாடு விடுதலை பெற்றபோது பிரதமராகப் பொறுப்பேற்றார். அன்று உலகமே அவரைப் பாராட்டியது. அண்டை நாடுகளுக்குச் சோளம் ஏற்றுமதி செய்யக்கூடிய நாடு அவர் கைக்கு வந்திருந்தது. ஆப்பிரிக்காவின் உணவுக் களஞ்சியம் என்று அதற்குப் பெயர். 28 ஆண்டுகள் கழித்து, 2008ஆம் ஆண்டின் இறுதியில், அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டு உணவு உதவியை நம்பி வாழவேண்டிய நிலை வந்தது.

இதற்குக் காரணம் என்ன என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். வெள்ளையரின் பண்ணைகளைப் பிடுங்கினார்கள், விவசாயம் தெரியாதவர்களிடம் கொடுத்தார்கள், நாடு பாழானது என்பது ஒரு பதில். மேற்கத்திய நாடுகள் தடை விதித்து நாட்டைக் கழுத்தை நெரித்தன என்பது இன்னொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நாடு எப்படி விழுந்தது என்பதை இரண்டுமே விளக்கவில்லை.

முதலில் பறித்தது யார்?

1890இல் செசில் ரோட்ஸ் என்பவரின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்க நிறுவனம் ஆயுதம் தாங்கிய ஒரு குழுவை இந்நாட்டுக்குள் அனுப்பியது. தங்கம் தோண்டலாம் என்ற ஆசை காட்டித்தான் ஆள் சேர்த்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் 3,000 ஏக்கர் நிலமும் வாக்களிக்கப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. எனவே கண் முழுவதும் நிலத்தின் மேல் விழுந்தது. 1896-97இல் இண்டபெலே, ஷோனா மக்கள் எழுப்பிய கிளர்ச்சி அடக்கப்பட்டது. நாட்டுக்கு ரொடீசியா என்று ரோட்ஸின் பெயரே சூட்டப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. அதுதான் இக்கதையில் கவனிக்கவேண்டியது. 1930இல் வந்த நிலப் பங்கீட்டுச் சட்டம் நாட்டின் ஏறக்குறைய பாதி நிலத்தை வெள்ளையருக்கென ஒதுக்கியது. அவர்களோ மக்கள்தொகையில் 20இல் ஒரு பங்குதான். அந்தப் பாதியில் கறுப்பர் எவரும் நிலம் வாங்க முடியாது. செம்மண்ணும் நல்ல மழையும் ரயில் பாதையும் உள்ள உயர்நிலம் அவர்களுக்கு. மணலும் வறட்சியுமான ஒதுக்கீட்டுப் பகுதிகள் மண்ணின் மைந்தர்களுக்கு. அங்கே நெருக்கடி கூடக்கூட மண் தேய்ந்தது. மாடுகளைக் குறைக்கச் சொல்லியும் உத்தரவு வந்தது. மாடுதான் ஒரு குடும்பத்தின் ஏர், சேமிப்பு, சீர்வரிசை எல்லாம் என்பதை எண்ணிப் பார்த்தால், 1970களில் கிராமத்துப் பிள்ளைகள் ஏன் துப்பாக்கி ஏந்தினார்கள் என்பது புரியும். அந்தப் போரில் அவர்களுக்குத் தரப்பட்ட பெரிய வாக்குறுதியே நிலம்தான்.

ஆகவே, நிலத்தைத் திரும்பக் கேட்டது நியாயமா என்ற கேள்விக்கு நீண்ட விவாதம் தேவையில்லை. நியாயம்தான். எப்படிக் கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பத்தாண்டுக் கட்டு

1979 டிசம்பரில் லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி, முதல் பத்து ஆண்டுகளுக்கு வெள்ளையர் நிலத்தை அரசாங்கம் கட்டாயப்படுத்தி எடுத்து மறுபங்கீடு செய்ய முடியாது. விற்க விரும்புபவரிடம் அவர் கேட்கும் விலைக்கு வாங்க வேண்டும். விடுதலை பெற்ற நாடு, தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தைச் சந்தை விலை கொடுத்து வாங்கவேண்டிய விசித்திரம் இது. பிரிட்டன் அளித்த நிதி சுமார் 44 மில்லியன் பவுன்.

162,000 குடும்பங்களைக் குடியேற்றுவது என்று புதிய அரசாங்கம் இலக்கு வைத்தது. பத்தாண்டு முடிவில் நிலம் பெற்றவை சுமார் 52,000 குடும்பங்கள். பண்ணை உரிமையாளர்கள் பெரும்பாலும் விற்க விரும்பியது வறண்ட, ஓரத்து நிலங்களைத்தான். அரசாங்கத்துக்கும் முதல் வேகம் சீக்கிரமே தணிந்துவிட்டது.

இந்தப் பத்தாண்டில் நடந்த இன்னொரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. 1980களில் அரசாங்கம் கிராமத்து விவசாயிகளுக்கும் கடன் கொடுத்தது. கலப்பின விதையும் உரமும் எட்டும்படி செய்தது. தானிய வாரியத்தின் கொள்முதல் நிலையங்களைக் கிராமங்களுக்கு அருகே திறந்தது. விளைவு? விடுதலைக்கு முன் சந்தைக்கு வந்த சோளத்தில் பத்தில் ஒரு பங்குகூட சிறு விவசாயிகளுடையதாக இல்லை. 1980களின் நடுவில் அது பாதியைத் தாண்டியது. இத்தனைக்கும் அவர்கள் இருந்தது அதே மணல் நிலத்தில்! கறுப்பு விவசாயிக்கு விவசாயம் தெரியாது என்று பின்னாளில் பேசியவர்கள் இந்தப் புள்ளிவிவரத்தை வசதியாக மறந்துவிட்டார்கள்.

2000ஆம் ஆண்டு

1997ஆம் ஆண்டு மூன்று அடிகள் விழுந்தன. முதலில், விடுதலைப் போரின் முன்னாள் வீரர்கள் தெருவில் இறங்கிக் குரல் எழுப்ப, ஏறக்குறைய 50,000 பேருக்குத் தலைக்கு 50,000 ஸிம்பாப்வே டாலரும் மாத ஓய்வூதியமும் தருவதாக முகாபே ஒப்புக்கொண்டார். பட்ஜெட்டில் இதற்குப் பணமே இல்லை. அடுத்து, பிரிட்டனில் புதிதாகப் பதவிக்கு வந்த தொழிற்கட்சி அரசாங்கத்தின் அமைச்சர் கிளேர் ஷார்ட், நிலம் வாங்கும் செலவுக்குப் பிரிட்டன் தனிப் பொறுப்பு ஏற்காது என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை முகாபே கடைசிவரை மறக்கவில்லை. மூன்றாவதாக, நவம்பர் 14ஆம் தேதி, ஒரே நாளில் நாட்டு நாணயம் தலைகுப்புற விழுந்தது. கறுப்பு வெள்ளிக்கிழமை என்று இன்றும் அந்நாட்டில் அதைச் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு, 1998இல் காங்கோ போருக்குப் படை அனுப்பினார் முகாபே.

பண்ணைகள் பறிபோகும் முன்பே பொருளாதாரம் ஆட்டங்கண்டிருந்தது என்பதற்காகவே இவற்றை இங்கே சொல்லவேண்டியிருக்கிறது.

1999இல் தொழிற்சங்கத் தலைவர் மோர்கன் ஸ்வாங்கிராய் தலைமையில் பலமான எதிர்க்கட்சி ஒன்று பிறந்தது. வெள்ளைப் பண்ணையாளர்கள் பலர் அதற்கு வெளிப்படையாகவே பண உதவி செய்தனர். 2000 பிப்ரவரியில் முகாபே ஒரு புதிய அரசியல் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார். இழப்பீடு இல்லாமல் நிலத்தை எடுக்கும் அதிகாரமும் அதிலே இருந்தது. மக்கள் நிராகரித்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளில் முகாபே கண்ட முதல் தோல்வி. அடுத்த சில நாள்களிலேயே முன்னாள் வீரர்கள் என்ற பெயரில் கூட்டங்கள் பண்ணைகளுக்குள் புகுந்தன. காவல்துறை கைகட்டி நின்றது. நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்றது. 2001இல் தலைமை நீதிபதி ஆண்டனி கபே நெருக்குதலால் பதவி விலகினார்.

அரசாங்கம் நியமித்த உட்டெட்டே குழுவின் 2003ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அதற்குள் 127,192 குடும்பங்கள் ஏ1 எனப்படும் சிறு நிலங்களிலும், 7,260 பேர் ஏ2 எனப்படும் நடுத்தர, பெரிய பண்ணைகளிலும் குடியேற்றப்பட்டிருந்தனர். சிறு நிலங்களில் பெரும்பாலும் உண்மையான ஏழைகள் அமர்ந்தார்கள். பெரிய பண்ணைகளின் கதை வேறு. அமைச்சர்கள், ராணுவ அதிகாரிகள், நீதிபதிகள், கட்சிக்காரர்கள் என்று வரிசை நீண்டது. ஒருவருக்கு ஒரு பண்ணை என்பது கொள்கை. ஒன்றுக்கு மேல் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள் என்பதை அரசாங்கத்தின் அந்தக் குழுவே பதிவு செய்திருக்கிறது.

அடமானம் வைக்க முடியாத மண்

இப்போது மையமான விஷயத்துக்கு வரலாம். ஒரு புகையிலைப் பண்ணை எப்படி நடக்கிறது? ஜூன் மாதத்திலேயே நாற்றங்கால். பிறகு நடவு, உரம், பூச்சி மருந்து, டீசல், இலை உலர்த்தும் கொட்டகைகளுக்கு நிலக்கரி, நூற்றுக்கணக்கான ஆட்களுக்குச் சம்பளம். மாதக்கணக்கில் பணம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு ஏலம் தொடங்கினால்தான் பணம் உள்ளே வரும். இந்த இடைவெளியை நிரப்புவது வங்கிக் கடன். வங்கி எதை நம்பிக் கொடுக்கிறது? நிலத்தின் உரிமைப் பத்திரத்தை. நம் மக்கள் ‘கிராண்ட்’ என்று சொல்லி இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்களே, அந்தக் காகிதம்.

ஸிம்பாப்வேயில் பண்ணை கைமாறியபோது அந்தக் காகிதம் கைமாறவில்லை, செத்துப்போனது. புதிதாக வந்தவர் கையில் இருந்தது, இந்த இடத்தில் நீங்கள் இருக்கலாம் என்று சொல்லும் ஒரு கடிதம். அதை எந்த நேரமும் ரத்து செய்யலாம். விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. அதைக் கொண்டுபோய் வங்கியில் நீட்டினால் எந்த மேலாளர் கடன் கொடுப்பார்? 2005இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, எடுக்கப்பட்ட பண்ணை நிலம் முழுவதும் அரசுடைமை என்றும், எதிர்த்து நீதிமன்றம் போக முடியாது என்றும் ஆக்கினார்கள். 2006 முதல் 99 ஆண்டுக் குத்தகைப் பத்திரங்கள் சிலருக்குக் கொடுக்கப்பட்டன. வங்கிகள் அவற்றையும் ஏற்கவில்லை. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகையை அரசாங்கம் முறிக்கலாம், கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கி எதை எடுத்து விற்பது?

இதன் சங்கிலியைப் பாருங்கள். பழைய பண்ணையாளர்கள் வாங்கியிருந்த கடன் வாராக்கடனாகி வங்கிகள் ஆடின. புதியவர்களுக்குக் கடன் இல்லை, எனவே உரமில்லை. உரம் விற்காததால் உர ஆலைகள் படுத்தன. கலப்பின விதையை உற்பத்தி செய்துவந்ததும் பெரிய பண்ணைகளே. எனவே சிறு விவசாயிக்கும் விதை கிடைக்கவில்லை. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கைக் கொண்டுவந்தது புகையிலை. 2000இல் சுமார் 237 மில்லியன் கிலோவாக இருந்த விளைச்சல் 2008இல் சுமார் 48 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. ஐந்தில் ஒரு பங்கு! டாலர் வராததால் பெட்ரோலும் மின்சாரமும் உதிரி பாகமும் வாங்க வழியில்லை. 2000இல் 2 மில்லியன் டன்னுக்கு மேல் விளைந்த சோளம் 2008இல் அதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. சோள மாவைக் கிளறி உண்ணும் சாட்ஸாதான் அம்மக்களின் அன்றாடச் சோறு.

இடையில் 2002இல் கடும் வறட்சியும் வந்தது. எல்லாப் பழியையும் அரசாங்கம் மழையின் மேல் போட்டது. அமெரிக்கப் பொருளியலாளர் கிரேக் ரிச்சர்ட்சன் அதை மறுத்தார். சொத்துரிமை அழிந்ததே சரிவின் வேர் என்பது அவர் வாதம். நிலத்தை யாரிடமிருந்து எடுத்தோம் என்பதைவிட, எடுத்த பிறகு அதற்கு எந்த உரிமையும் இல்லாமல் செய்துவிட்டோம் என்பதே பெரிய சேதம். 1980களில் கடனும் விதையும் கிடைத்தபோது சோளத்தைக் குவித்துக் காட்டியவர்களின் சொந்தபந்தங்கள்தானே 2000க்குப் பின் வெறுங்கையோடு வயலில் நின்றார்கள்?

லயத்தில் இருந்தவர்கள்

நிலம் இழந்த வெள்ளைப் பண்ணையாளர்கள் சுமார் 4,000 பேர். அவர்களைப் பற்றி உலகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சிலர் கொடூரமாகக் கொல்லப்பட்டதும் உண்மை. பலர் ஸாம்பியா, மொஸாம்பிக், நைஜீரியா என்று போய் அங்கே பண்ணை போட்டுப் பிழைத்துக்கொண்டார்கள்.

அவர்களிடம் வேலை செய்தவர்கள்? 300,000க்கும் அதிகமானோர். மனைவி மக்களையும் சேர்த்தால் ஒரு மில்லியனைத் தாண்டும். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்கு இவர்களின் நிலையை விளக்கவே வேண்டாம். வீடு பண்ணைக்காரருடையது. பள்ளியும் மருந்தகமும் பண்ணையோடு சேர்ந்தவை. வேலை போனால் கூரையும் போகும். இவர்களில் பலருடைய பாட்டன்மார் மலாவியிலிருந்தும் மொஸாம்பிக்கிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். வெள்ளைக்காரனின் ஆட்கள், எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் என்று அடியும் உதையும் இவர்களுக்கே அதிகம் விழுந்தன. 2001இல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டுக் குடியுரிமைக்கான உரிமையை எழுத்து மூலம் துறக்காதவர்கள் ஸிம்பாப்வே குடியுரிமையை இழந்தார்கள். அந்த நாட்டிலேயே பிறந்து, வேறு நாட்டைக் கண்ணாலும் காணாத பலர் இப்படி வாக்காளர் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். பங்கு பிரித்தபோது இவர்களில் மிகச் சிலருக்கே நிலம் கிடைத்தது. புகையிலை இலையைத் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லக்கூடியவர்கள் வீதியில் நின்றார்கள். நிலம் போனது நகரத்து அதிகாரிகளிடம்.

14 பூஜ்யங்கள்

வரி வருமானம் வற்றியதும் அரசாங்கம் நோட்டு அச்சடித்தது. 2003 முதல் மத்திய வங்கி ஆளுநராக இருந்த கிதியோன் கோனோ, அச்சடித்த பணத்தில் பண்ணைகளுக்கு டிராக்டர்கூட வாங்கிக் கொடுத்தார். அந்தக் கடன்களில் பெரும்பகுதி திரும்பவில்லை. 2015இல் ஒரு சட்டம் இயற்றி மத்திய வங்கியின் கடன்களைப் பொதுமக்கள் தலையில் ஏற்றினார்கள்.

2007 ஜூனில் எல்லா விலைகளையும் பாதியாகக் குறைக்கும்படி உத்தரவு வந்தது. சில நாள்களில் கடை அலமாரிகள் துடைத்துவிட்டாற்போல் ஆயின. 2008 ஜூலையில் அதிகாரபூர்வ பணவீக்கம் ஆண்டுக்கு 231 மில்லியன் விழுக்காடு. அதற்குப் பின் கணக்கு எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். 2009 ஜனவரியில் 100 டிரில்லியன் டாலர் நோட்டு வெளிவந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் 14 பூஜ்யங்கள். அதே வேளையில் வாந்திபேதி பரவி 4,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு நோட்டில் இத்தனை பூஜ்யம் அச்சிடத் தெரிந்த அரசாங்கத்தால், குடிநீரில் போடும் மருந்தை வாங்க முடியவில்லை. 2009இல் சொந்த நாணயத்தைக் கைவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறினார்கள். 2015இல் பழைய நாணயத்தில் இருந்த வங்கிச் சேமிப்புகளை மாற்றியபோது, ஓர் அமெரிக்க டாலருக்கு 35,000 டிரில்லியன் ஸிம்பாப்வே டாலர் என்பது கணக்கு. வாழ்நாள் ஓய்வூதியச் சேமிப்பு முழுவதையும் சேர்த்தாலும் பலருக்கு ஒரு ரொட்டி வாங்கத் தேறவில்லை.

தடைகள் காரணமில்லையா? அமெரிக்கா 2001 டிசம்பரில் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் தொடர்ந்தது. அனைத்துலக நிதி நிறுவனங்களின் புதுக் கடனுக்கு அது முட்டுக்கட்டையாயிற்று. ஆனால் பழைய கடனைக் கட்டத் தவறி அந்தக் கதவு அதற்கு முன்பே மூடத் தொடங்கிவிட்டது. தடை, புண்ணில் உப்பாக விழுந்தது என்று சொல்லலாம். புண் அதற்கு முந்தியது.

புகையிலை திரும்பி வந்தது

2010இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் இயன் ஸ்கூன்ஸும் அவரது ஸிம்பாப்வே சகாக்களும் ஒரு நூல் வெளியிட்டார்கள். மஸ்விங்கோ மாநிலத்தில் நிலம் பெற்ற 400 குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த நூல் அது. ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் மாடு வாங்கி, வீடு கட்டி, முன்னேறி வந்தன என்று அவர்கள் கண்டார்கள். நிலச் சீர்திருத்தம் முழுத் தோல்வி என்று எழுதிவந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. ஆய்வு ஒரு மாநிலத்தோடு நின்றுவிட்டது என்று மறுத்தவர்களும் உண்டு.

புகையிலைக் கணக்கு அந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் சேர்த்தது. 2018இல் விளைச்சல் 252 மில்லியன் கிலோ. வெள்ளையர் காலத்து உச்சத்தையே தாண்டிவிட்டது. 2023இல் 296 மில்லியன். பயிரிட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள். வங்கிக் கடன் இல்லாமல் எப்படி? சீன நிறுவனம் உட்படப் புகையிலை வாங்கும் வணிகர்களே விதையும் உரமும் முன்கூட்டிக் கொடுத்து, விற்பனையில் பிடித்துக்கொள்கிறார்கள். அடமானம் நிலமல்ல, வயலில் நிற்கும் பயிர். மழை தவறினால் கடன் அடுத்த ஆண்டுக்குத் தாவும். விலையைச் சொல்வதும் கடன் கொடுத்தவர்தான். நிலக்கரி வாங்க வசதியில்லாதவர்கள் இலையை உலர்த்தக் காட்டை வெட்டுகிறார்கள்.

2020 ஜூலை 29ஆம் தேதி, முகாபேக்குப் பின் வந்த அதிபர் எமர்சன் முனங்காக்வா, பழைய பண்ணையாளர்களுக்கு 3.5 பில்லியன் அமெரிக்க டாலர் இழப்பீடு தருவதாக ஒப்பந்தம் செய்தார். மண்ணுக்கு அல்ல; அதில் அவர்கள் கட்டிய கட்டடம், அணை, கிணறு போன்றவற்றுக்கு மட்டும். மண் எங்களுடையதே என்ற நிலைப்பாட்டை அரசாங்கம் விடவில்லை. கையில் பணமில்லாமல் ஆண்டுகள் ஓடின. 2025இல்தான் முதல் தவணை. 378 பண்ணைகளுக்குச் சுமார் 3.1 மில்லியன் டாலர் ரொக்கம், அதாவது அவர்களுக்குச் சேரவேண்டியதில் ஒரு விழுக்காடு. மீதி அரசாங்கப் பத்திரங்களாக.

அதற்குச் சற்று முன், 2024 டிசம்பரில், நிலம் பெற்றவர்களுக்கு விற்கவும் அடமானம் வைக்கவும் கூடிய முறையான உரிமைப் பத்திரம் வழங்கும் திட்டத்தை முனங்காக்வா தொடக்கிவைத்தார். பண்ணைகள் பிடுங்கப்பட்டு ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து! ஆனால் நிபந்தனை உண்டு. நிலத்தைக் கறுப்பின ஸிம்பாப்வேயருக்குள்தான் கைமாற்றலாம். வாங்க ஆள் குறைந்தால் நிலத்தின் விலையும் குறையும் என்பது வங்கிக்காரர் போடும் கணக்கு. பண்ணைக் குடியிருப்புகளில் இன்னும் தங்கியிருக்கும் பழைய தொழிலாளர்களுக்கோ, குடியிருக்கும் அறைக்குக்கூட காகிதம் கிடையாது. அவர்களில் பலர் இன்று புதிய முதலாளிகளின் வயலில் நாள்கூலிக்குப் புகையிலை பறிக்கிறார்கள்.